கோல் போடாதவன்

எங்கள் காலேஜ் ஃபுட்பால் டீமில் நாலு வருஷமும் பின்னால் நின்று தடுத்தவன் மாசானம். ஒரு கோலும் போட்டதில்லை. ஃபைனல் அன்று காலையில் பிரின்சிபால், டீம் போட்டோ லிஸ்டில் அவன் பெயரை அடித்துவிட்டார்.

"கோல் போடாதவனுக்கு இடமில்லை."

"சரி சார், இன்னைக்குப் போட்டுர்றேன்" என்றான் மாசானம்.

விசில் ஊதியதும் எதிர் டீமின் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். கால்மணி நேரத்தில் நாங்கள் மூன்று கோல் வாங்கினோம். கலெக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரின்சிபால் கோட்டோரம் ஓடிவந்தார்.

"ஏலே, பின்னால போ."

"கோல் போடணுமே சார்."

"போட்டோவுல உனக்கு இடம் உண்டு, போ."

"எந்த இடம்னு சொல்லிருங்க சார், ஓடிர்றேன்."

அவன் பின்னால் வந்த பிறகு ஒரு கோலும் வாங்காமல், நாலு போட்டு ஜெயித்தோம். அந்தப் போட்டோ இன்னும் காலேஜில் தொங்குகிறது. நடு நாற்காலியில் மாசானம், மடியில் கோப்பை. பிரின்சிபால் பின்வரிசையில் நிற்கிறார்.