நிறம் தின்ற தண்ணீர்

குருவென்றால் வெள்ளைத் தாடி இருந்துதான் ஆகணுமா? நஞ்சப்பனுடைய குருவுக்கு முப்பத்தைந்து வயசு. பேர் அமலி. ஸ்கூட்டியில் வருவாள். கோயமுத்தூரில் வசதியானவர்கள் வீட்டு நீச்சல் குளங்களில் தண்ணீரைச் சோதித்துச் சரிபண்ணிக் கொடுப்பது அவள் தொழில். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நஞ்சப்பன், அறுபது வயசில் அவளிடம் தொழில் கற்க வந்து சேர்ந்தார். கேலியும் மரியாதையுமாக அவளை வாத்தியாரம்மா என்பார்.

அன்றைக்கு வடவள்ளியில் ஒரு பங்களா. அமலி வந்தபோது நஞ்சப்பன் குளத்தோரம் குந்தியிருந்தார்.

"கண்ணு ஏனுங்ணா இப்பிடிச் செவந்து கெடக்குது?"

"தூக்கமில்ல அம்மணி."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்காமலே அவர் ஆரம்பித்தார்.

"மருமகளைப் பொறந்த ஊட்டுக்குப் போகச் சொல்லிட்டேன். பொழுதோட அவங்கண்ணன் வண்டி எடுத்துட்டு வர்றான்."

அமலி நிமிர்ந்தாள். "திலகாவையா? பூபதி போயி ரெண்டு மாசங்கூட ஆகலீங்களே!"

பூபதி அவருக்கு ஒரே பிள்ளை. லாரி மோதிப் போய்விட்டான்.

"அதைத்தான் நானும் சொல்றேன். எம்பையன் பொணத்துக்கு முன்னால கல்லாட்டம் நின்னா. ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. சாவுக்கு வந்த சனமெல்லாம் பேசுச்சு. இன்னிக்கு வரைக்கும் அப்பிடித்தான். வாசல் கூட்டறா, சோறாக்கறா, துணி துவைக்கறா. அவன் செருப்பு வாசல்லயே கெடக்குது. அதை எடுத்து அக்கட்ட வெக்கறதில்லை. சுத்தியே கூட்டிட்டுப் போயிடறா. அத்தனை சோம்பல்."

அமலி குளத்துத் தண்ணீரை எட்டிப் பார்த்தாள்.

"நீயே சொல்லு வாத்தியாரம்மா. உள்ள இருந்தா வெளிய தெரியாதா?"

"தண்ணி பாத்தீங்களா?" என்றாள் அமலி.

கேட்டதற்கு இது பதிலா என்று அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சொன்னார்.

"பாத்தேன். குளோரினே நிக்க மாட்டேங்குது. நேத்துப் பொழுதோட பவுடர் போட்டேன். சோதிச்சா வெள்ளைத் தண்ணி. விடிஞ்சதும் இன்னொருக்காக் கொட்டினேன். அப்பவும் வெள்ளை. இப்பத்தான் இருந்த டப்பாவை அப்பிடியே கவுத்தேன். இந்தா, பாரு."

கண்ணாடிக் குழாயை நீட்டினார். குளத்துத் தண்ணீரை அதில் பிடித்து மாத்திரையைப் போட்டால், இருக்கிற குளோரினுக்குத் தக்கபடி ரோஸ் நிறம் ஏறும். இதில் பேருக்குக்கூட நிறமில்லை.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் தோளில் துண்டோடு வந்தார்.

"என்ன நஞ்சப்பன், இன்னிக்காவது குளத்துல விடுவீங்களா, இல்ல எனக்குப் பக்கெட்டுக் குளியல்தானா?" சிரித்துக்கொண்டே தண்ணீருக்குள் இருந்த படியில் ஒரு காலை வைத்தார்.

"சார்! காலை எடுங்க!"

அமலி போட்ட சத்தத்தில் மாமரத்துக் காக்கை எழும்பிப் பறந்தது. வீட்டுக்காரர் தடுமாறி மல்லாந்து விழாத குறை.

"பைப்படிக்குப் போயி காலை நல்லாக் கழுவுங்க சார். இன்னிக்கு யாரும் எறங்கக் கூடாது."

அவர் போட்டது போட்டபடி ஓடினார்.

நஞ்சப்பன் பதறி எழுந்தார். "ஏன் அம்மணி? அதுலதான் ஒண்ணுமே இல்லியே!"

அமலி குழாயைக் கழுவிக் குளத்துத் தண்ணீரைப் பிடித்தாள். "மாத்திரையை நீங்களே போடுங்க. கண்ணை மட்டும் எடுத்துராதீங்க."

போட்டார். மாத்திரை அடியைத் தொடுவதற்குள் ரோஸ் நிறத்தில் ஒரு இழை, புகைபோல எழும்பியது. எழும்பின இடத்திலேயே காணாமல் போனது. மறுபடி வெள்ளைத் தண்ணீர்.



"காலையிலயும் இப்பிடி வந்திருக்குமுங்ணா. மாத்திரையைப் போட்டுட்டு நீங்க டீத்தண்ணிக்குத் திரும்பியிருப்பீங்க."

அது நிஜம்தான்.

அமலி குழாயைக் கவிழ்த்தாள். பையிலிருந்து குடிக்கிற தண்ணீர் பாட்டிலை எடுத்து, குழாய் கிட்டத்தட்ட நிறைகிற அளவுக்கு ஊற்றினாள். அதன்மேல் குளத்துத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் விட்டாள். மாத்திரை விழுந்தது.

செம்பருத்தியைக் கசக்கிப் பிழிந்தது போலச் சிவந்தது. அந்தச் சிவப்பு போகவேயில்லை.

நஞ்சப்பன் அதை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்தார்.

"அளவா இருந்தா நிறம் காட்டும். மீறிப் போச்சுன்னா, காட்டற நிறத்தையும் அதுவே தின்னுருமுங்ணா."

"ஒண்ணுமில்லாத தண்ணியும் வெள்ளை... இதுவும் வெள்ளையா?"

"ஆமாங்."

"அடப் பாவி... இல்லை இல்லைன்னு நெனச்சு நா மேல மேல கொட்டிட்டேனே!"

அமலி அவர் முகத்தையே பார்த்தாள். அவர் வாயிலிருந்து வந்த சொல் அவர் காதிலேயே போய் விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மடியிலிருந்த போனை எடுத்தார்.

"தம்பி, நாந்தான் நஞ்சப்பன். வண்டி எடுக்க வேண்டாம் சாமி. நா சொன்னது தப்பு. இருக்கறதா போறதான்னு திலகாவே சொல்லட்டும்."

போனை வைத்தார்.

"ஊட்டுக்குப் போயி அவகிட்ட என்னன்னு கேக்கறது அம்மணி? ஏன் அழுவலைன்னா?"

அமலி பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை அவரிடம் நீட்டினாள்.

"அவளை விடுங்க. அந்தச் செருப்பை நீங்க ஏனுங்ணா இன்னும் எடுத்து வெக்கலை?"