ஆரல் காத்த மணல் மூலை

ஒரு காட்டில் என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் பிள்ளைகளே, இந்தக் கதை நடந்தது தணிகாசலம் வீட்டு மீன் தொட்டியில்.

அங்கே பாம்பு போல நீண்ட ஓர் ஆரல் மீன் இருந்தது. மகா கூச்சம். பகலெல்லாம் மணலில் புதைந்து மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அதே தொட்டியில் ஒரு கெண்டையும் இருந்தது. அதற்கு எப்போதும் பசி.

ஒரு நாள் விடியற்காலையில், மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேர்களில் ஆரல் முட்டையிட்டது. போன தடவை கீழே மணலோரப் பாசியில் இட்ட முட்டைகளை ஒன்று விடாமல் தின்றது கெண்டைதான். மாலையில் தணிகாசலம் வேலை முடிந்து வந்து பார்த்தால், செடியோடு முட்டைகளைப் பக்கத்துச் சிறு தொட்டிக்கு மாற்றிவிடுவார். அதுவரை காப்பாற்ற வேண்டும்.

ஆரல் பதறிப்போய் வேரைச் சுற்றிச் சுற்றி வந்தது.

சுவரில் இருந்த பல்லி, "இச்... இச்... ஆரலக்கா, என்ன, கோயில் பிரகாரமா சுற்றுகிறாய்? வேரில் ஏதோ இருக்கிறதென்று இங்கிருக்கும் எனக்கே தெரிகிறதே!" என்றது.

ஆரல் திடுக்கிட்டு நின்றது. சத்தமில்லாமல் கீழே இறங்கி, எதிர்மூலை மணலில் புதைந்துகொண்டது.

சற்று நேரத்தில் கெண்டை வந்தது. "ப்ளப்... ப்ளப்... என்ன அக்கா, முகமே சரியில்லை?"

"தம்பி, உன்னைக் கும்பிடுகிறேன். எங்கே வேண்டுமானாலும் போ. இந்த மூலைப் பக்கம் மட்டும் வராதே!"

"அப்படியா சேதி! மணலில் படுக்கிறவள் மணலில்தானே முட்டையிடுவாள்?"

கெண்டை தலைகீழாகப் பாய்ந்து மணலைக் கிளறியது. வாய் நிறைய மணல். துப்பியது. மறுபடி கிளறியது.

"ஐயோ, அங்கே வேண்டாம்டா! இடப்பக்கம் அதைவிட வேண்டாம்டா!" என்று அலறியது ஆரல்.

கெண்டை உடனே இடப்பக்கம் தோண்டியது. பிறகு வலப்பக்கம். மதியப் பசியைக்கூட மறந்துவிட்டது. பல்லி சிரித்த சிரிப்பில் சுவரிலிருந்து விழப் பார்த்தது.

மாலையில் கதவு திறந்தது. தணிகாசலம் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அடடே, முட்டை!"

இரண்டு கைகளாலும் ஆகாயத்தாமரையை மெல்லத் தூக்கிச் சிறு தொட்டியில் விட்டார்.

கெண்டை மணல் அப்பிய வாயோடு நிமிர்ந்தது. "அக்கா... மேலேயா இருந்தது?"

"ஆமாம் தம்பி. நீ ஒரு தடவைகூட மேலே பார்க்கவே இல்லையே," என்றது ஆரல்.

நீதி: காக்க வேண்டியதையே சுற்றிச் சுற்றி வருகிறவர், அது இருக்கும் இடத்தைத் தாமே காட்டிக்கொடுப்பார்.