பல் பட்ட செங்கோல்

முன்னொரு காலத்தில் செம்மண்கோட்டைச் சீமையை வீரகண்ட ராஜா ஆண்டுவந்தார். அவருக்குக் கோபம் வந்தால் யார் சொல்வதும் காதில் ஏறாது. சேனைக்கிழங்கு மசியலைப் பார்த்தால் மட்டும் கோபம் எங்கோ போய்விடும்.

அந்தக் கிழங்கை விளைவித்தவள் அரண்மனைத் தோட்டக்காரி காத்தாயி. ராஜா காய்ச்சலில் கிடந்தபோது அவள் கொடுத்த கிழங்குக் கஞ்சிதான் அவரை எழுப்பி உட்கார வைத்தது. அன்றிலிருந்து சபையில் அவள் பேச்சுதான். மணியக்காரர் கொண்டல்ராயருக்கு இது பொறுக்கவில்லை.

ஒருநாள் ராஜாவின் தந்தச் செங்கோல் காணாமல் போனது. கொண்டல்ராயர் வலது கை முழுக்கக் கட்டுப் போட்டுக்கொண்டு சபைக்கு ஓடிவந்தார்.

"மகாராஜா! காத்தாயிதான் திருடி. துரத்திப் போனேன். அவள் வேலியோரம் இருந்த முள்ளம்பன்றி இருபதடி தூரத்திலிருந்து என்மேல் சரமாரியாக முள்ளை எய்துவிட்டது!"

முள்ளம்பன்றி அம்பு விடும் என்று ஊரே நம்பிய காலம் அது. காத்தாயியின் குடிசையைச் சோதிக்கப் போன சேவகர்கள்கூட முள்ளம்பன்றி வளையைக் கண்டு எட்டியே நின்று திரும்பிவிட்டார்கள். ராஜா கொதித்தார். "நாளைக்குள் இவள் சீமையை விட்டுப் போகட்டும்!"

காத்தாயி கும்பிட்டாள். "போறேன் சாமி. நான் வச்ச செடி கொடியெல்லாம் இங்கதான் கெடக்கும், அதான் மனசு கேக்கல. போறதுக்கு முன்னாடி ஒரு பூசணிக்காயும் ஒரு முள்ளம்பன்றியும் சபைக்குக் கொண்டாரட்டுமா?"

வேடிக்கை என்றால் ராஜாவுக்கு உயிர். சரி என்றார்.

காத்தாயி மூங்கில் கூடையைத் திறந்தாள். பகலில் தூக்கம் கெட்ட எரிச்சலோடு முள்ளம்பன்றி வெளியே வந்தது. தரையைத் தட்டியது, முள்ளைச் சிலிர்த்தது, வாலைச் சலசலவென்று ஆட்டியது. புலவர்கள் தூணுக்குப் பின்னால் போனார்கள். ராஜா சிம்மாசனத்துக்குப் பின்னால் போனார். ஒரு முள்கூடப் பறக்கவில்லை.

காத்தாயி ஒரு நீளக் கோலில் கட்டிய பூசணிக்காயை அதன் பக்கம் தள்ளினாள். முள்ளம்பன்றி சட்டென்று திரும்பிப் பின்பக்கமாகவே ஓடிவந்து மோதியது. காய் நிறைய முள்.

"பார்த்தீங்களா சாமி? முள்ளு பறக்காது. பட்டாத்தான் கழண்டு குத்தி நிக்கும். பத்து வருஷமா என் கிழங்கைத் திங்கிற கழுதை, எனக்குத் தெரியாதா? யாராச்சும் வளைக்குள்ள வந்தா முதுகைத்தான் காட்டி அடைச்சுக்கும். மணியக்காரர் கட்டை அவுக்கச் சொல்லுங்க."

அவிழ்த்தார்கள். உள்ளங்கையிலிருந்து முழங்கைவரை முள் குத்திய காயம். உடம்பில் வேறெங்கும் ஒன்றுகூட இல்லை.

"ராயரே, வளைக்குள் கையை விட்டு என்ன தேடினீர்?" என்றார் ராஜா.

"தேடல சாமி, வச்சாரு," என்றாள் காத்தாயி. "என் வேலியோரம் செங்கோல் கெடச்சா நான்தானே திருடி? அந்த வளையைத் தோண்டச் சொல்லுங்க. சீக்கிரம்! இதோட சோடி உள்ள இருக்கு, எலும்பு, கொம்பு, தந்தம் எது கெடச்சாலும் கொறிச்சுப்போடும்."

தோண்டினார்கள். செங்கோல் கிடைத்தது, பிடி நெடுகப் பல் தடத்தோடு. கொண்டல்ராயர் தரையில் விழுந்தார்.

ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்தார். "தாயே, என்னை எழுப்பி உட்கார வைத்த கையை நானே துரத்தப் பார்த்தேன். என்னை மன்னித்துவிடு. இவருக்கு என்ன தண்டனை, நீயே சொல்."

"மொதல்ல அந்தக் கைக்கு மஞ்சப்பத்து போடணும். ஆறுனதும் என் செடி கொடிக்கு ஒரு வருஷம் தண்ணி ஊத்தட்டும்."

அப்படியே நடந்தது. இத்தனை நாள் கல்லெறிந்து விரட்டிய முள்ளம்பன்றிக்குக் காத்தாயி வேலியோரம் ஒரு பாத்தி கிழங்கைத் தனியே விட்டுவைத்தாள்.

செங்கோலை இழைத்துப் புதுசாக்கித் தருவதாக ஆசாரி சொன்னார். ராஜா கொடுக்கவில்லை. அதன்பிறகு யாருக்குத் தீர்ப்புச் சொல்வதென்றாலும், முதலில் அந்தப் பல் தடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நீ சொல்லப்பா, கேட்கிறேன்," என்பார்.