உப்பா, புரதமா

“வேறெது வேணும்னாலும் சொல்லுங்க மேடம். இதை மட்டும் தொடமாட்டேன்,” என்றார் அருளப்பன்.

அருளப்பன் இருபது வருஷம் புற்றுநோய் சர்ஜன். அவர் கத்தியைக் கண்டால் கட்டியே எழுந்து வழிவிடும் என்பார்கள். வழிவிட்ட கட்டி ஆறு மாதத்தில் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மூன்றாம் தடவை ஆபரேஷனுக்குப் படுத்த செல்லக்கிளி, “இன்னும் வெட்ட என்ன மிச்சம் டாக்டரே?” என்று கேட்டாள். அன்றைக்கே கத்தியை வைத்துவிட்டு, கட்டியை வளர்க்கும் புரதத்தின் உருவத்தைப் பார்த்தே தீருவதென்று, புரதங்களை ஆராயும் ஜமீலாவின் ஆய்வகத்துக்கு வந்தார். ஜமீலா அவரைவிட ஆறு வயது இளையவர்.

உருவம் தெரிய, புரதம் படிகமாக வேண்டும். மூன்று வருஷத்தில் ஒன்பதாயிரம் சொட்டு வைத்தார். எல்லாம் பழங்கஞ்சியாய்க் கலங்கின.

இன்று ஒரே ஒரு சொட்டில், கடுகை நூறாய் அரிந்த அளவில் ஒரு படிகம்.

நுண்ணோக்கியில் பார்த்த ஜமீலா, ஊசியை நீட்டினார்.

“அமுக்குங்க, டாக்டர்.”

“உடைஞ்சிட்டா?”

“புரதம். உடையாம நின்னா, உப்பு.”

“உப்பா?”

“சொட்டுல அதுவும் இருக்கே. இதே மாதிரிதான் மினுங்கும். ஒருத்தர் எட்டு மாசம் உப்புக்குப் பேரு வெச்சுக் கொஞ்சினாரு.”

“யாரு?”

“நான்தான்.”

அருளப்பன் சிரிக்கவில்லை.

“புரதமா இருந்தா, இருக்கிற ஒண்ணும் போயிடுமே மேடம். இப்படியே பத்திரமா வெச்சுக்கலாமே.”

“வெச்சுக்குங்க. யாராவது கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?”

அருளப்பன் ஊசியை வாங்கினார்.

ஆயிரம் வயிறு திறந்த கை, ஊசியைப் படிகத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தியது. வேர்வை மூக்கு நுனியில் வந்து தொங்கியது. கண்ணை மூடினால் செல்லக்கிளி.

அமுக்கினார்.

சத்தமில்லை. ஊதுபத்திச் சாம்பல்போல உதிர்ந்தது.

“புரதம்தான்,” என்றார். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, “இருந்துச்சு.”

தட்டைக் கழுவ எடுத்தார். ஜமீலா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

தன் கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே, அவர் வீட்டுப் பூனை உதிர்த்த மீசை முடி ஒன்று. “தூள்தான் விதை,” என்று அதை அந்தத் தூளில் தோய்த்து, பக்கத்தில் தெளிவாயிருந்த புதுச் சொட்டில் ஒரு கோடு இழுத்தார். மூடிவிட்டு, வீட்டுக்குப் போனார்.

நாலாம் நாள் அருளப்பன் குனிந்து பார்த்தார். முடி போன வழியெல்லாம், வரிசையாய், எண்ண முடியாத படிகங்கள்.

ஜமீலாவும் பார்த்தார்.

“ரொம்பப் பொடிசா இருக்கே, டாக்டர். உருவம் பாக்கப் பத்தாது.”

அருளப்பன் ஊசியை எடுத்தார்.

“பூனை சௌக்கியமா, மேடம்?”