பருந்து படிக்க முடியாத கல்

அந்தக் காலத்தில் பருந்து வட்டமெல்லாம் போடாது. குஞ்சைக் கண்டதும் நேராக விழும், தூக்கும், போய்விடும். அப்போது விலங்கும் பறவையும் பேசும். எழுதப் படிக்கக்கூடத் தெரியும். அதிலும் பருந்துக்குப் படித்த திமிர் கொஞ்சம் அதிகம்.

ஒரு துறைமுகத்தில் ஒரு கோழி இருந்தது. பன்னிரண்டு குஞ்சு பொரித்ததில் ஐந்துதான் மிச்சம். ஏழும் எங்கே போயின என்று நான் வேறு சொல்ல வேண்டுமா? கோழி அழுதுகொண்டே நண்டிடம் போனது. நண்டுதான் அந்த ஊரில் முத்திரைக் கல் வெட்டுகிறவர். கடுகைக் கொடுத்தாலும் அதில் எழுத்து வெட்டுவார்.

"அண்ணே, இந்த அஞ்சு குஞ்சாவது எனக்கு நிலைக்கணும். பருந்து கிட்ட வராதபடிக்கு ஒரு மந்திரக் கல் வெட்டிக் குடுங்க."

நண்டுக்கு மனசு இளகிவிட்டது. சிவப்புக் கல் ஒன்றில் சேவல் தலையும் பாம்புக் காலும் கையில் சாட்டையுமாக ஒரு காவல் தெய்வத்தை வெட்டினார். சுற்றிலும், 'பருந்தே, குஞ்சைத் தொட்டால் உன் இறகெல்லாம் உதிரும்' என்று எழுதினார். கோழிக்கு மட்டும் எழுத்து வாசனையே கிடையாது. வாங்கிக் கழுத்தில் கட்டிக்கொண்டு நிம்மதியாக மேயப் போனது.

அது போன பிறகுதான் நண்டுக்குத் திக்கென்றது. முத்திரைக் கல்லில் எழுத்தைத் திருப்பி வெட்டுவதுதான் வழக்கம். களிமண்ணில் அழுத்தினால் நேராக விழும். இதுவோ கழுத்தில் கட்டும் கல். பழக்க தோஷத்தில் இதையும் திருப்பியே வெட்டித் தொலைத்திருந்தார். யாராலும் படிக்க முடியாது. என் கையால் ஐந்து உயிர் போகப்போகிறதே என்று பதறி ஓடினார்.

அதற்குள் பருந்து வந்துவிட்டது. சேவலும் பாம்பும் அதற்குச் சாப்பாடு. படத்தைப் பார்த்துப் பயப்படவில்லை. ஆனால் எழுத்து பிடிபடவில்லை. தனக்கா தெரியாத எழுத்து? வலப்பக்கம் வந்து பார்த்தது, இடப்பக்கம் வந்து பார்த்தது. மேலே போய் ஒரு சுற்று, இன்னொரு சுற்று. என்ன எழவு எழுத்து இது என்று முனகிக்கொண்டே மூன்றாவது சுற்றும் போனது. இதற்குள் கோழி ஐந்தையும் இறக்கைக்குள் இழுத்து அமுக்கிக்கொண்டது.

மூச்சிரைக்க வந்த நண்டு தன் தப்பைச் சொல்லி, வேறு கல் வெட்டித் தருகிறேன் என்றார். கோழி கேட்கவில்லை.

"வேணாம்ணே. நேரா எழுதியிருந்தா ஒரே பார்வையில படிச்சுச் சிரிச்சுட்டு, ஒண்ணைத் தூக்கிட்டுப் போயிருப்பான். இப்படியே இருக்கட்டும்."

கல் கட்டிய நூல் அறுந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. பருந்துக்குத்தான் அந்த எழுத்து இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. அன்று முதல்தான் பருந்து குஞ்சைக் கண்டதும் பாயாமல் வட்டமிடுகிறது. கோழிக்கு அந்த ஒரு சுற்று போதும்.