மண்ணுக்குத் திரும்பும் இரும்பு

"என்னை எங்கே வைக்கிறாய்?" என்றது கல்.

வெண்ணி கையை எடுக்கவில்லை. தாழியின் அடியில் அதை முட்டுக்கொடுத்து, ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தாள்.

"சூளைக்குள்ளதான். தாழி சாயாம தாங்கிக்கோ. வெந்ததும் எடுத்துடறேன்."

"நான் வேக மாட்டேன். விழித்துக்கொள்வேன்."

"விழிச்சா விழிச்சுக்கோ. இப்ப அசையாதே."

அந்தக் காலத்தில் கல், மரம், ஆடு, ஆந்தை எல்லாமே பேசும். மனிதர்கள் ஒரு காதால் கேட்டுக்கொண்டே தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். வெண்ணி இறந்தவர்களுக்குத் தாழி வனைகிறவள். மழை பொய்த்த அந்த வருடம் சாவு அதிகம். சூளை ஆற நேரமே இல்லை. முட்டுக்கு வைக்கும் கருங்கற்கள் வெந்து வெந்து வெடித்துப்போயின. அதனால் குன்றின் சரிவிலிருந்து சிவப்புக் கற்களைப் பொறுக்கி வந்திருந்தாள். கைக்குள் அடங்கும் கல், கைக்குழந்தையின் கனம் கனத்தது. மாடுகள் செத்துவிட்டதால் வரட்டியும் இல்லை. வேலங்கரியைத் தாழியின் கழுத்துவரை குவித்துத் தீ வைத்தாள். ஆடிக் காற்று சூளையின் வாய்க்குள் புகுந்து ஊதத் தொடங்கியது.

ஊருக்காகத் தோண்டிக்கொண்டிருந்த கிணற்றிலிருந்து ஏறிவந்த அவள் அண்ணன் அழிசி, சூளைப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"தங்கச்சி, இந்தத் தாழி யாருக்கு? எனக்குன்னா கொஞ்சம் அகலமா வை. காலை மடக்கிப் படுத்தா எனக்குத் தூக்கம் வராது."

"வாயைக் கழுவு அண்ணா."

"கழுவத் தண்ணி வேணுமே." கையிலிருந்த கற்சுத்தியலைக் காட்டினான். பாதி உடைந்திருந்தது. "பாறைக்கு அடியில ஓடுது வெண்ணி. காதை வச்சா குளிருது. பாறைதான் விட மாட்டேங்குது."

பாறை விடாவிட்டால் ஊர் கிளம்பிவிடும் என்று முடிவாகியிருந்தது. எந்தத் திசை என்பதில்தான் சண்டை. போகிறவர்கள் போவார்கள்; அவள் வனைந்து மண்ணில் இறக்கிய தாழிகள் எல்லாம் கேட்பாரில்லாமல் இங்கேயே கிடக்கும். அதை நினைத்தால் வெண்ணிக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை சூளையைப் பிரித்தபோது தாழி ஒரு பக்கம் உருகிச் சரிந்திருந்தது. வெண்ணியின் கணவன் பூதன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"கெடுத்தியா? கரியை அள்ளி அள்ளிப் போட்டியே, அளவு வேண்டாமா?"

அவள் குனிந்து பார்த்தாள். தாழிக்கு அடியில் சிவப்புக் கல் இல்லை. அது இருந்த இடத்தில் தேனடை போல் துளை துளையாக ஒரு கட்டி, உள்ளிருந்து ஒளிவிட்டுக்கொண்டிருந்தது. மாலை வெயில் ஒரு பிடி அங்கே அணையாமல் தங்கிவிட்டதுபோல் இருந்தது.

"மச்சான், அதையும் உடைச்சுப் போடு. தரித்திரம்" என்றான் பூதன்.

அழிசி பச்சைப் பனைமட்டையால் கட்டியை வெளியே தள்ளி, பாறைமேல் வைத்து, உடைந்த சுத்தியலால் ஓங்கி அடித்தான். பொறி பறந்தது. கட்டி உடையவில்லை. அடிபட்ட இடம் மெல்லக் குழிந்து கொடுத்தது.

அடித்தால் உடையும், இல்லையென்றால் அடித்ததை உடைக்கும். கல்லைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அடியை வாங்கி வைத்துக்கொள்ளும் கல்லை அவர்கள் பார்த்ததில்லை. அழிசி மறுபடி அடித்தான். கட்டி நீண்டது. திருப்பிப்போட்டு அடித்தான். கூர்ந்தது. வேடிக்கை பார்த்த பிள்ளைகள் நெருங்கி வந்து நின்றார்கள்.

அடிகளுக்கு நடுவே அது பேசியது. வெண்ணிக்கு மட்டும்தான் கேட்டது.

"நான் மண்ணில் உறங்கிக்கொண்டிருந்தேன். நீ எழுப்பினாய். வேலை செய்கிறேன். என்னை எப்போது திருப்பி வைப்பாய்?"

வெண்ணி அண்ணனின் கையைப் பார்த்தாள். "உன்னைப் பிடிச்சிருக்கிற கை மண்ணுக்குப் போகும்போது, உன்னையும் கூடவே வைக்கிறேன்."

"சொன்னாய் அல்லவா?"

"சொல்லிட்டேன்."

கடைசியாகத் தண்ணீரில் அமிழ்த்தியபோது அது எழுப்பிய சீறலைக் கேட்டு, குன்றின் பறவைகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றின.

உளியாகிவிட்ட அந்தக் கல்லுக்குப் பாறை விட்டுக்கொடுத்தது. கீழேயிருந்து தண்ணீர் முதலில் கசிந்தது. பிறகு அழிசியின் கணுக்காலை நனைத்தது. பிறகு அவனையே மேலே விரட்டியது. "ஐயோ, இழுங்கடா! தண்ணியில்லாம சாகாதவன் தண்ணியில சாகப்போறேன்!" என்று அவன் கத்த, ஊர் சிரித்துக்கொண்டே கயிற்றை இழுத்தது. யாரும் எங்கும் போகவில்லை.

கோடைதோறும் நீர் கீழே இறங்கும்; அழிசியும் உளியோடு இறங்குவான். பாறையின் உள்ளே ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு வழி விழுந்தது. தலை நரைத்த பிறகும் வேறு யாரையும் உளியைத் தொட விடவில்லை. ஒரு மாரியில் காய்ச்சல் கண்டு படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

வெண்ணி அவனுக்கு அகலமான தாழி வனைந்தாள். அடக்கத்தன்று உளியைத் தேடினால் காணவில்லை.

"நான்தான் எடுத்து வச்சேன்" என்றான் பூதன்.

"குடுங்க. அது அவனோட போகணும். வாக்குக் கொடுத்திருக்கேன்."

"யாருக்கு? கல்லுக்கா? எங்க காதுல ஒண்ணும் விழலையே. வர்ற கோடையில கிணத்தை யார் தோண்டுவா? உங்க அண்ணன் எந்திரிச்சு வருவானா?"

பூதன் சொன்னதில் தப்பு என்று கூடியிருந்த எவராலும் சொல்ல முடியவில்லை. உளி இல்லாமலேயே தாழி இறங்கியது.

மறுநாள் பூதன் உளியை எடுத்தபோது உள்ளங்கையில் செம்பொடி ஒட்டியது. தேய்த்தான், போயிற்று. விடிந்தால் மறுபடி இருந்தது. இலுப்பை எண்ணெய் பூசினான். ஆட்டுக்கொழுப்பு தடவினான். தோலில் சுற்றி உறியில் கட்டினான். மண்ணே படாத இடத்தில், அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, அது மண்ணின் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தது.

"வேற ஒண்ணு எழுப்பு வெண்ணி. அதே கல்லுதானே, குன்று பூரா கிடக்கே" என்றான்.

அவளும் வைத்துப் பார்த்தாள். அதே கல், அதே கரி, அதே காற்று. பிரித்தபோது சிவப்புக் கற்கள் வைத்தபடியே இருந்தன. எதுவும் ஒளிவிடவில்லை.

அவள் உறியை இறக்கித் தோலைப் பிரித்தாள். "எதுக்கு இப்படிப் பண்றே?"

"உன் கையை நம்பி இருந்தேன். இனிமேல் நானே போய்க்கொள்கிறேன். எனக்குப் பின்னால் விழிப்பதும் எந்தக் கையையும் நம்பாது."

"நான் கொண்டுபோய் வச்சுட்டா?"

"குன்றின் கல் மறுபடி விழிக்கும். ஆனால் யாருக்காகவும் காத்திருக்காது."

கல் மனிதரோடு பேசியது அதுதான் கடைசி.

இறக்கிய தாழியைத் திறப்பது பெரும் பிழை. திறந்தவளை ஊர் தள்ளி வைக்கும். வெண்ணி அதைத் தெரிந்துகொண்டுதான் குழி தோண்டும் கழியை எடுத்துக்கொண்டு நடந்தாள். வழி நெடுகப் பூதன் பின்னால் வந்தான்.

"வேண்டாம் வெண்ணி. நாளைக்கு உனக்கு யாரும் நெருப்புகூடத் தர மாட்டாங்க."

"நெருப்பு என் சூளையில இருக்கு. நீங்க வீட்டுக்குப் போங்க."

அவள் மண்ணைக் கிளறத் தொடங்கினாள். ஈரம் காய்ந்து இறுகியிருந்தது, கழி வழுக்கியது. அதைக் கண்ட பூதன் அருகில் மண்டியிட்டு, கையால் மண்ணை அள்ளி எறிந்தான். தடுக்க வந்தவர்கள், அவனே தோண்டுவதைக் கண்டு தயங்கி நின்றுவிட்டார்கள். மூடியை நகர்த்தியதும் பூதன் தானே உளியை எடுத்து, தலை திருப்பிக்கொண்டு, உள்ளே கை நுழைத்து, அழிசியின் பக்கத்தில் வைத்தான். பிறகு மூடியைப் பொருத்தினான்.

அடுத்த சூளையில் சிவப்புக் கல் மறுபடி விழித்து இரும்பானது. அன்று முதல்தான் ஒருவர் இறந்தால் அவர் புழங்கிய இரும்பையும் தாழியோடு வைத்தார்கள். இன்றும் பழைய தாழிகளைத் தோண்டும்போது உள்ளே இரும்பு கிடைக்கிறது. எடுத்த இரும்பு எதுவானாலும், எண்ணெய் இட்டாலும் வண்ணம் பூசினாலும், யாருக்காகவும் காத்திராமல் சிவந்து சிவந்து தன் மண்ணைப் பார்த்துப் போய்க்கொண்டே இருப்பதும் அன்று முதல்தான்.

தயங்கி நின்ற ஊரே மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு, வெண்ணியையும் சேர்த்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் திரும்பியது. வெண்ணி முன்னால் நடந்தாள். பூதன் சற்றுப் பின்தங்கி, விரல் இடுக்கில் ஒட்டியிருந்த செம்பொடியைத் துண்டில் துடைக்கப் போனவன், குனிந்து அந்த மேட்டின் மண்ணிலேயே தேய்த்துவிட்டு, அவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டான்.