பச்சை மையில் ஒரு படிவம்

“மேடம், இந்தப் பயலுவ என்னைக் கவுத்துட்டானுவ!”

கதவைத் தட்டக்கூட மறந்து உள்ளே வந்தார் குற்றாலலிங்கம். கையிலிருந்த மஞ்சள் பையை அப்படியே மேசைமேல் கவிழ்த்தார். தாள்கள் நாலாபக்கமும் சரிந்தன. ஒரு தாள் மேடத்தின் காபியில் மூலையை நனைத்துக்கொண்டது.

டாக்டர் ஜெசிந்தா அதை எடுத்து உதறினார்.

“முதல்ல உட்காருங்க சார்.”

குருவுக்கு வயசு முப்பத்தாறு. சிஷ்யருக்கு நாற்பத்தொன்பது. முனைவர் பட்டம் என்று இறங்கிவிட்டால் இதையெல்லாம் பார்க்க முடியாது. குற்றாலலிங்கம் அரசு கல்வியியல் கல்லூரியில் வாத்தியார். இங்கே பகுதிநேர ஆய்வு மாணவர், ஏழு வருஷமாக. அதிகாரி என்ற முறையில் பச்சை மையில் கையெழுத்துப் போடலாம் என்று ஆன நாளிலிருந்து மனுஷன் மளிகைச் சீட்டைக்கூடப் பச்சை மையில்தான் எழுதுகிறார்.

அவருடைய ஆய்வு என்ன தெரியுமா? பரீட்சையில் பார்த்து எழுதுவதைப் பற்றிப் பல்கலைக்கழக மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது. நாற்பது கேள்வி கொண்ட ஒரு படிவம். பெயர் எழுத வேண்டாம். மனசில் பட்டதை டிக் அடித்தால் போதும்.

“ஒண்ணை எடுத்துப் படிங்க மேடம்.”

மேடம் படித்தார்.

“வயது இருபது. பாலினம், பெண். தாயின் தொழில், பீடி சுற்றுதல். முப்பத்தொன்றாம் கேள்வி. நீங்கள் எப்போதாவது பிறரைப் பார்த்து எழுதியது உண்டா? ஒருபோதும் இல்லை. நல்ல பொண்ணா இருக்கே சார்.”

“அடுத்ததைப் படிங்க.”

“வயது இருபது. பெண். பீடி சுற்றுதல். ஒருபோதும் இல்லை.”

“அடுத்தது?”

“பெண். பீடி.” மேடத்தின் உதடு துடிக்க ஆரம்பித்தது.

“மெக்கானிக்கல் கிளாஸ் மேடம்! அறுபது பேர்ல ரெண்டே ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. பூராப் பேரும் பெண்ணாம்! பூராப் பேரோட அம்மாவும் பீடி சுத்துறாங்களாம்! ஒரு பயகூடப் பார்த்து எழுதினதே இல்லையாம். அதையும் ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் எழுதியிருக்கான்!”

மேடத்தால் அதற்குமேல் முடியவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியது. நிமிர்ந்து கண்ணைத் துடைத்தார். “பீடி” என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார்.

குற்றாலலிங்கத்துக்கு அழுகை வந்தது.

“உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. திங்கக்கிழமை ஆய்வுக் குழு உட்காருது. முந்நூறு படிவம் காட்டணும். ரெண்டு தடவை நீட்டிப்பு வாங்கியாச்சு. இந்தத் தடவை காட்டலேன்னா என் பதிவையே ரத்து பண்ணிருவாங்க. ஏழு வருஷம் மேடம்! எம் பொண்டாட்டி என்னைப் பார்த்து, ‘நீங்க இன்னுமா பாஸாகல’ன்னு கேக்குறா.”

“முந்நூறுங்கிற கணக்கு எங்கேருந்து வந்துச்சு சார்?”

“எங்கேருந்து வரும்? நமக்கு முன்னாடி செஞ்சவர் ஆய்வேட்டுல முந்நூறுன்னு இருந்துச்சு. நானும் போட்டேன். குழுவும் சரின்னுட்டுது.”

“ஓ.”

மேடம் தாள்களை ஒன்றுசேர்த்துத் தட்டி, விரலை எச்சில் தொட்டுக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். நடுவில் ஒரு தாளில் கொஞ்சம் நின்றார். பிறகு மேலே எண்ணினார்.

“எத்தனை கொடுத்தீங்க?”

“அறுபது.”

“அறுபத்தொண்ணு இருக்கு.”

“இருக்காது மேடம்.”

“இருக்கு சார். கட்டு இங்கேயே இருக்கட்டும். அந்தக் கூடுதல் ஆள் யாருன்னு மட்டும் பார்த்துட்டு வாங்க.”

“மேடம், எனக்கு வேண்டியது நியாயமான அறுபது படிவம். கூட ஒண்ணு இருந்தா என்ன, குறைஞ்சா என்ன?”

“நாளையிலேருந்து அவங்களுக்கு ஸ்டடி லீவ். அஞ்சு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிருவாங்க. இப்ப மணி ரெண்டரை.”

இவரிடம் வழி கேட்டால் மணி சொல்கிறாரே என்று குற்றாலலிங்கத்துக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் எழுந்தார். கைடு சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

*

வளாகத்தின் மறுகோடியில் பொறியியல் கல்லூரி. போகும் வழியெல்லாம் என்னென்ன சொல்லி வைய வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார்.

டிராயிங் ஹாலில் அறுபது பேரும் இருந்தார்கள். பாதிப் பேர் துணிப்பையைக் கட்டி வைத்துக்கொண்டு ஊருக்குப் போகத் தயாராக இருந்தார்கள்.

“என்னடா செஞ்சு வெச்சிருக்கீங்க?”

யாருக்கும் புரியவில்லை. வகுப்புத் தலைவி எழுந்து நின்றாள். இசக்கியம்மாள். அறுபது பேரில் இருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி.

“ஏன் சார், தப்பாயிட்டா?”

“தப்பா? அத்தனை பேரும் ஒரே மாதிரி எழுதியிருக்கீங்களேம்மா!”

“கீயில அப்படித்தானே சார் இருந்துச்சு?”

“எந்தக் கீ?”

“ஆன்சர் கீ சார். நீங்கதானே கட்டுக்கு மேல வெச்சுக் கொடுத்தீங்க.”

“கருத்துக் கேட்டு ஒரு படிவம் கொடுத்தா அதுக்கு ஏதும்மா கீ?”

“எங்களுக்கு எல்லாத்துக்கும் கீ உண்டு சார்,” என்றாள் இசக்கியம்மாள், அவருக்காக வருத்தப்பட்டுக்கொண்டு.

பின் வரிசையில் மீசை அரும்பிய ஒருத்தன் இருந்தான். குற்றாலலிங்கம் அவனைப் பிடித்துக்கொண்டார்.

“நீ சொல்லுலே. நீ பொண்ணா?”

“இல்ல சார்.”

“பின்ன ஏன் பெண்ணுன்னு டிக் அடிச்சே?”

“மாத்தி எழுதினா மார்க் போயிருமோன்னு பயம் சார்.”

“பேரே எழுதாத பேப்பருக்கு ஏதுலே மார்க்?”

“ஒரு சேஃப்டிக்குத்தான் சார்.”

ஹாலில் சிரிப்பு கிளம்பியது. இன்னொருத்தன் தைரியம் வந்து எழுந்தான்.

“சார், எனக்கு ஒரு டவுட்டு வரத்தான் செஞ்சுது. எங்கம்மா நர்ஸாச்சே, பீடி சுத்தலையேன்னு பக்கத்துல கேட்டேன். இவன்தான் சார், ‘கீயில இருக்குல்ல, பேசாம எழுது’ன்னான்.”

“உங்ககிட்ட உண்மையைத்தானேடா கேட்டேன்?”

“நீங்க எங்க சார் கேட்டீங்க?” என்றாள் இசக்கியம்மாள். குரலில் குத்தலே இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். “கட்டை மேசையில வெச்சீங்க. ‘சீக்கிரம் முடிச்சு வைங்க’ன்னுட்டு டீ குடிக்கப் போயிட்டீங்க.”

போனது வாஸ்தவம்தான். வடையும் சாப்பிட்டார்.

“சரி. அது கீதான்னு எப்படி முடிவு பண்ணினீங்க? எவனோ ஒருத்தன் முதல்ல எழுதி வெச்சதா இருக்கக் கூடாதா?”

“அது எப்படி சார்? அது பச்சை மையிலதானே இருந்துச்சு! பச்சை மையில மாணவன் எவனாவது எழுதுவானா? யாரோ பெரிய ஆபீசர் எழுதினதுன்னுதான் நாங்க எல்லாரும்...”

மீதியை அவள் சொன்னாள். அவர் காதில் விழவில்லை.

அவருடைய கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பேனா அங்கேதான் இருந்தது.

போன மாசம் பெண்கள் கல்லூரியில் நாற்பது படிவம் கொடுத்தார். முப்பத்தொன்பதுதான் திரும்பி வந்தது. ஒன்றே ஒன்றுக்காக அவ்வளவு தூரம் மறுபடி பஸ் ஏற வேண்டுமா? வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவரே ஒரு தாளை எடுத்தார். வயது இருபது என்று எழுதினார். பெண் என்று டிக் அடித்தார். முப்பத்தொன்றாம் கேள்விக்கு வந்தபோது, அந்தப் பெண் நல்ல பெண்ணாகவே இருக்கட்டும் என்று நினைத்தார். எழுதிப் பைக்குள் செருகிவிட்டு, அதோடு மறந்தும் போனார்.

அது வெற்றுப் படிவக் கட்டின் மேலே போய் உட்கார்ந்திருக்கிறது!

“சார், தண்ணி வேணுமா?” என்று கேட்டான் மீசைக்காரன்.

“அந்தக் கீயை எழுதினது யாரு சார்?” என்று கேட்டாள் இசக்கியம்மாள்.

குற்றாலலிங்கம் விறுவிறுவென்று வெளியே வந்தார். வைய வேண்டும் என்று தயார் செய்து வைத்திருந்த ஒரு வார்த்தைகூட இப்போது ஞாபகத்தில் இல்லை.

*

மேடம் காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“யாருன்னு தெரிஞ்சுதா சார்?”

“உங்களுக்கு எண்ணும்போதே தெரிஞ்சிருச்சு.”

“ஏழு வருஷமா உங்க பச்சை எழுத்தைத் திருத்திட்டிருக்கேன்.”

“வையுங்க மேடம். நல்லா நாலு வார்த்தை வையுங்க.”

மேடம் வையவில்லை. கட்டிலிருந்து பச்சை மைப் படிவத்தை உருவி அவர் முன்னால் வைத்தார். பக்கத்தில் ஒரு வெற்றுப் படிவத்தை வைத்தார்.

“நீங்களும் இந்தப் பல்கலைக்கழகத்து மாணவர்தானே?”

“ஆமா.”

“பதிவு எண் இருக்குல்ல?”

“திங்கக்கிழமை வரைக்கும் இருக்கு.”

“அப்ப எழுதுங்க.”

குற்றாலலிங்கம் பேனாவைத் திறந்தார். வயது நாற்பத்தொன்பது. ஆண். மூன்று கேள்வி தள்ளிப் போனதும் நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

முப்பத்தொன்றாம் கேள்வி. ஒருபோதும் இல்லை, ஒரு முறை, பல முறை என்று மூன்று கட்டங்கள். அவரே தயாரித்த கேள்வி. எத்தனையோ பேர் ஒரு நொடியில் டிக் அடித்துவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறார். இது இவ்வளவு கஷ்டமான கேள்வி என்று யாருமே அவரிடம் சொன்னதில்லை.

‘ஒரு முறை’யில் டிக் அடித்தார்.

பிறகு, முன்னவர் ஆய்வேட்டைப் பார்த்துப் போட்ட அந்த முந்நூறு ஞாபகத்துக்கு வந்தது. அந்த டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் ‘பல முறை’க்கு மாறினார்.

எழுதி முடித்து நீட்டினார். மேடம் ஒருமுறை படித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. படிவத்தின் மூலையில் வரிசை எண் போட்டார்.

“இது தேறும் சார். இன்னும் எத்தனை வேணும்?”

“அறுபது.”

“மணி மூணே முக்கால்.”

குற்றாலலிங்கம் வெற்றுப் படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நாற்பத்தொன்பது வயசுக்கு அது நல்ல ஓட்டம்.

*

“எல்லாரும் ஒரு நிமிஷம் உட்காருங்க. அந்தப் பச்சை மைப் படிவம் கீ இல்ல. அதை எழுதினது நான்.”

பையைத் தூக்கியவர்கள் கீழே வைத்தார்கள்.

“ஒரு பொண்ணு படிவம் குறைஞ்சுது. தேடிப் போகச் சோம்பேறித்தனம். நானே இருபது வயசுப் பொண்ணா மாறி எழுதிட்டேன்.”

முதலில் சிரித்தவன் மீசைக்காரன்தான். அவனை முறைத்த இசக்கியம்மாளும் சிரித்துவிட்டாள். அப்புறம் ஹாலே சிரித்தது. குற்றாலலிங்கத்துக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அவர்தான். நெஞ்சு லேசாகி அவருக்கு எவ்வளவோ நாளாயிற்று.

“அப்ப அந்தப் பீடி சுத்துற அம்மா சார்?” என்று கேட்டான் நர்ஸம்மா மகன்.

“அது எங்க அம்மா,” என்றார். “அதுல அது ஒண்ணுதான் நிசம்.”

சிரிப்பு அடங்கியது.

“பீடி சுத்தித்தான் என்னைப் படிக்க வெச்சா. சரி, அது இருக்கட்டும். படிவத்தை வாங்கிக்கோங்க.”

அறுபதையும் அவரே ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். கட்டின் மேலே எதுவும் இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டார்.

“இந்தத் தடவை கீ சார்?”

“கிடையாது.”

“மார்க்?”

“கிடையாது.”

“அப்ப யாரைப் பார்த்து எழுதறது சார்?” என்று கவலையோடு கேட்டான் மீசைக்காரன்.

குற்றாலலிங்கம் டீ குடிக்கப் போகவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மேடம் செய்தது மாதிரியே ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

பிறகு பேனாக்கள் உரச ஆரம்பித்தன.

மணி நாலே முக்கால். வெளியே பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

ஆர்வம் தாங்காமல் அவர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். அறுபது பேரும் குனிந்திருந்தார்கள். பக்கத்தில் இருப்பவன் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று ஒவ்வொருவரும் இடது கையை மடக்கித் தன் தாளை மறைத்துக்கொண்டிருந்தார். இசக்கியம்மாள் துப்பட்டாவையே எடுத்து மூடியிருந்தாள். இருபத்திரண்டு வருஷம் பரீட்சை ஹாலில் நின்றவர் அவர். இப்படி ஒரு ஹாலை அவர் பார்த்ததே இல்லை.

மீசைக்காரன் முப்பத்தொன்றாம் கேள்விக்கு வந்திருக்க வேண்டும். பேனாவைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மேலே பார்த்தான். அப்புறம் கையைத் தூக்கினான்.

“சார், அடிஷனல் ஷீட் கிடைக்குமா?”